நுண்பொறி மீயொலி உணரிகளின் வரலாறு

நுண்பொறி மீயொலி உணரி என்பது, தலைமுடியின் தடிமனை ஒத்த அகலமுள்ள மிகச் சிறிய சவ்வுகளைச் சிலிக்கன் தகட்டின் மேல் உருவாக்கி, அவற்றின் அதிர்வால் மீயொலியை எழுப்பவும் உணரவும் பயன்படும் கருவியாகும். இதில் இரண்டு வகைகள் உள்ளன. சவ்வும் அதன் அடியிலுள்ள தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகச் செயல்படுவது முதல் வகை. சவ்வின் மேல் பூசப்பட்ட அழுத்தமின் படலம் வளைவதால் மின்னழுத்தம் தோன்றுவது இரண்டாம் வகை. முதல் வகையை அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'சிமட்' என்று பொறியாளர்கள் அழைக்கின்றனர். இக்கட்டுரை பெரும்பாலும் அதன் வரலாற்றைக் கூறுகிறது.

மின்தேக்கியைக் கொண்டு நீருக்குள் மீயொலியை எழுப்பும் எண்ணம் புதியதன்று. முதலாம் உலகப் போரின்போதே அது முயன்று பார்க்கப்பட்டுக் கைவிடப்பட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே எண்ணம் மீண்டும் உயிர் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் இயற்பியல் விதி எதுவும் மாறவில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே மனிதனால் விடக்கூடிய இடைவெளியின் அளவுதான் மாறியது.

நுண்ணதிர்வின் அளவு

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்டது மீயொலி. மருத்துவ ஸ்கேன் கருவிகள் பெரும்பாலும் 10 லட்சம் ஹெர்ட்ஸ் (1 மெகாஹெர்ட்ஸ்) முதல் 1.5 கோடி ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பயன்படுத்துகின்றன.

இயற்கையும் அதிர்வை உணர்வதற்கு மெல்லிய சவ்வையே தேர்ந்துள்ளது. காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலி வரும்போது, 1,000 ஹெர்ட்ஸ் அளவில், செவிப்பறை அசையும் தொலைவு ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. மீயொலியில் இது இன்னும் கடினமாகிறது. ஒலியின் செறிவு அதே அளவில் இருந்தால், அதிர்வெண் கூடக்கூடத் துகள்கள் அசையும் தொலைவு குறைந்துகொண்டே போகும்.

உடலுக்குள் சென்று திரும்பும் எதிரொலி மேலும் மெலிந்துவிடுகிறது. மென்திசுக்கள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்சுக்கும் சுமார் 0.5 டெசிபல் அளவுக்கு ஒலியை உறிஞ்சுகின்றன. 5 மெகாஹெர்ட்ஸ் அலை 10 சென்டிமீட்டர் ஆழம் சென்று திரும்பினால் மொத்த இழப்பு 50 டெசிபல். அதாவது, அனுப்பிய ஆற்றலில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கே மிஞ்சும். இது உறிஞ்சலால் மட்டும் ஏற்படும் இழப்பு. உறுப்புகளின் எல்லையில் பட்டுத் திரும்புவது அதிலும் ஒரு சிறு பகுதிதான். இந்த மிச்சத்தைப் பிடித்து மின்குறிப்பாக மாற்றுவதே உணரியின் வேலை.

1880: படிகமும் ஒளியும்

1880ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். இதுவே அழுத்தமின் விளைவு. மறுஆண்டு காபிரியேல் லிப்மன், இதன் எதிர்விளைவும் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கூறினார். படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது சுருங்கி விரிய வேண்டும் என்பது அவர் கணிப்பு. கியூரி சகோதரர்கள் அதையும் சோதனையால் உறுதி செய்தனர்.

அதே 1880இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், விட்டுவிட்டு வரும் ஒளி ஒரு பொருளின் மீது படும்போது அப்பொருளிலிருந்து ஒலி எழுவதைக் கண்டார். ஒளியை உறிஞ்சிய பொருள் சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்குவதால் எழும் ஒலி அது. இந்த ஒளி-ஒலி விளைவு நெடுங்காலம் ஒரு வியப்புச் செய்தியாகவே இருந்தது. லேசர் துடிப்பால் இரத்த நாளங்களில் ஒலி எழுப்பி, அதை உணரிகளால் பிடித்துப் படமாக்கும் ஆய்வுகள் பிற்காலத்தில் வளர்ந்தன. நுண்பொறி உணரிகளும் அப்பணிக்குச் சோதிக்கப்பட்டன.

கடலடியில் முதல் முயற்சி

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், ஒலியின் எதிரொலியைக் கொண்டு கடலில் தடைகளைக் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இரண்டு ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் காதால் கண்டறியும் தேவை வந்தது.

1915இல் கான்ஸ்டன்டின் சிலோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளர், மீயொலிக் கற்றையைக் கடலுக்குள் அனுப்பி எதிரொலியைக் கேட்கலாம் என்ற திட்டத்தைப் பிரெஞ்சு அரசுக்கு அனுப்பினார். அது பாரிஸ் நகரின் இயற்பியலாளர் பால் லாஞ்சவானிடம் பரிசீலனைக்கு வந்தது. லாஞ்சவான், பியேர் கியூரியிடம் பயின்றவர். இருவரும் சேர்ந்து சென் ஆற்றில் சோதனைகளைத் தொடங்கினர்.

அவர்கள் முதலில் அமைத்த ஒலிபரப்பி படிகத்தாலானதன்று. அது ஒரு மின்தேக்கி. மெல்லிய மைக்காத் தகட்டை மின்காப்பாகக் கொண்டு, மாறும் மின்னழுத்தத்தால் அதை அதிரச் செய்தனர். எதிரொலியைக் கேட்கக் கரித்துகள் ஒலிவாங்கியைப் பயன்படுத்தினர். இக்கருவியால் நீருக்குள் மீயொலியை அனுப்பவும் பெறவும் முடிந்தது. ஆனால் அதற்கு மிக உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது. காப்புப் பொருள் அதைத் தாங்க வேண்டியிருந்தது.

1917இல் லாஞ்சவான் தம் ஆசிரியரின் கண்டுபிடிப்பை நினைவுகூர்ந்து குவார்ட்ஸ் படிகத்துக்கு மாறினார். அப்போது புதிதாக வந்திருந்த வெற்றிடக் குழாய்ப் பெருக்கியுடன் இணைத்தபோது, குவார்ட்ஸ் மிக நன்றாக வேலை செய்தது. பின்னர் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு இடையே குவார்ட்ஸ் துண்டுகளை அடுக்கிய அமைப்பை உருவாக்கினார். 1918இல் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எதிரொலியைப் பெற்றனர். போர் முடிவதற்குள் இக்கருவி களத்தில் பெரிதாகப் பயன்படவில்லை. ஆயினும் நீரடி மீயொலிக் கருவி என்றால் அழுத்தமின் படிகம்தான் என்ற நிலை அன்று உறுதியாயிற்று. மின்தேக்கி ஓரங்கட்டப்பட்டது.

மின்தேக்கி ஏன் பின்தங்கியது

எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரண்டு தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும். இந்த ஈர்ப்பு, தகடுகளுக்கு இடையிலான மின்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மின்புலம் என்பது மின்னழுத்தத்தை இடைவெளியால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே மின்னழுத்தத்தை மாற்றாமல் இடைவெளியைப் பத்தில் ஒரு பங்காக்கினால், விசை நூறு மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதைக் காணலாம். 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் 50 வோல்ட் கொடுத்தால், தகட்டின் மீதான அழுத்தம் ஏறத்தாழ 1 பாஸ்கல்தான். ஒரு தாளை மேசையில் வைத்தால் அது தரும் அழுத்தம் போன்றது அது. அதே 50 வோல்ட்டை 0.2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் கொடுத்தால், இடைவெளி 500இல் ஒரு பங்காவதால் அழுத்தம் 2,50,000 மடங்காகிறது. அது ஏறத்தாழ 2.7 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். முதல் நிலையில் பயனற்றுக் கிடந்த கருவி, இரண்டாம் நிலையில் படிகத்தோடு போட்டியிடும் வலிமை பெறுகிறது.

இங்கே மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழும். இவ்வளவு வலிய மின்புலத்தில் காற்று தீப்பொறி விடாதா? சாதாரண இடைவெளியில் ஒரு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் அளவிலேயே காற்றில் தீப்பொறி பாய்ந்துவிடும். ஒரு மின்னணு காற்று மூலக்கூறில் மோதி இன்னொரு மின்னணுவை விடுவிக்க, அவை மேலும் மோதிப் பெருகுவதால்தான் தீப்பொறி உண்டாகிறது. இடைவெளி ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே சென்றால் அவ்வாறு மோதிப் பெருக இடமே இல்லை. வாயுக்களில் தீப்பொறி பாயத் தேவைப்படும் மின்னழுத்தம் அழுத்தத்தையும் இடைவெளியையும் பொறுத்தது என்பதை 1889இல் ஃபிரீட்ரிக் பாஷன் காட்டியிருந்தார். சிமட் உணரியில் இடைவெளி பெரும்பாலும் வெற்றிடமாகவே வைக்கப்படுவதும் இதற்கு உதவுகிறது.

லாஞ்சவானுக்கு இந்த விதிகள் தெரியாதவை அல்ல. மைக்ரோமீட்டரில் ஒரு பகுதியளவு இடைவெளியைப் பரப்பு முழுவதும் சீராக விடும் தொழில்நுட்பம்தான் அன்று எவரிடமும் இல்லை.

காற்றில் நிலைத்த மின்தேக்கி

நீருக்குள் தோற்ற மின்தேக்கி, காற்றில் நிலைத்து நின்றது. லாஞ்சவான் குவார்ட்சுக்கு மாறிய அதே 1917இல், அமெரிக்காவில் எட்வர்டு வென்ட்டி மின்தேக்கி ஒலிவாங்கி பற்றிய ஆய்வை வெளியிட்டார். இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகச் சவ்வு, அதன் அருகே நிலையான தகடு, இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம். ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் மின்தேக்குத் திறன் மாறும். அதனால் மின்சுற்றில் குறிப்பு தோன்றும். ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் இதன் வழிவந்த ஒலிவாங்கிகளே பயன்படுகின்றன.

1962இல் பெல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் இருவரும் நிலையான மின்னூட்டம் ஏற்றப்பட்ட நெகிழிப் படலத்தைக் கொண்டு, வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் தேவைப்படாத ஒலிவாங்கியை உருவாக்கினர். 1978இல் போலராய்டு நிறுவனம், மீயொலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தானே குவியம் சரிசெய்துகொள்ளும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முகப்பில் இருந்த வட்டமான உணரி, பொன் பூசிய நெகிழிப் படலத்தாலான மின்தேக்கியே ஆகும்.

படிகத்தின் காலம்

இதற்கிடையே அழுத்தமின் பொருள்கள் வேகமாக வளர்ந்தன. 1940களில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகைப் பொருளும், 1950களில் 'பீசெட்டி' எனப்படும் ஈய சிர்க்கோனேட் டைட்டனேட்டும் வந்தன. மருத்துவ ஸ்கேன் இவற்றின் மீது வளர்ந்தது.

கிளாஸ்கோ நகரின் மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டு, உலோகத்தில் விரிசல் காணும் தொழிற்சாலைக் கருவியை மனித உடலுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். 1958 ஜூனில் தம் குழுவினருடன் 'லான்செட்' இதழில் கட்டுரை வெளியிட்டார. தீராத வயிற்றுப் புற்றுநோய் என்று முடிவு கட்டப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது நீர்க்கட்டி என்பதை மீயொலி காட்டியது. கட்டி அகற்றப்பட்டு அப்பெண் பிழைத்தார். அதன் பின்னரே மருத்துவ உலகம் இம்முறையைக் கவனித்தது.

இவ்வளவு பயன் தந்தும் படிகத்துக்கு ஓர் இயல்பான குறை இருந்தது. ஒவ்வோர் ஊடகத்துக்கும் 'ஒலித்தடை' என்ற பண்பு உண்டு; அது அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. காற்றுக்கு அது சுமார் 400, நீருக்கு 15 லட்சம், பீசெட்டிக்கு 3 கோடிக்கும் மேல். ஒலித்தடை பெரிதும் வேறுபடும் இரண்டு ஊடகங்களின் எல்லையில் ஒலி திருப்பி அடிக்கப்படும். பீசெட்டியிலிருந்து நீருக்கு நேரடியாகச் செல்வது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றுக்குச் செல்வது ஒரு லட்சத்தில் ஐந்தாறு பங்குதான். எனவே நடுவே பொருத்தும் அடுக்குகளை ஒட்ட வேண்டியிருந்தது. அவை குறிப்பிட்ட அதிர்வெண்களுக்கு மட்டுமே சரியாக அமையும்.

இன்னொரு குறை செய்முறையில் இருந்தது. ஸ்கேன் கருவியின் முனையில் நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனி உறுப்புகள் உள்ளன. பீங்கான் கட்டியை வைர ரம்பத்தால் இழைகளாக அறுத்து, ஒவ்வோர் இழைக்கும் மின்கம்பி இணைக்க வேண்டும். முப்பரிமாணப் படத்துக்கு நீளத்திலும் அகலத்திலுமாக ஆயிரக்கணக்கான உறுப்புகள் தேவை. அறுவையும் இணைப்பும் விலையை ஏற்றின.

சிலிக்கன் எந்திரப் பொருளாகிறது

தீர்வு ஒலியியலுக்கு வெளியிலிருந்து வந்தது. 1967இல் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தின் ஹார்வி நேதன்சனும் குழுவினரும், அதிரும் நுண்ணிய உலோகத் தண்டைக் கொண்ட டிரான்சிஸ்டரைப் பற்றி எழுதினர். மின்னழுத்தம் கூடும்போது தண்டு கீழ்நோக்கி ஈர்க்கப்படும். இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவு வந்ததும் நிலைதடுமாறித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அவர்கள் கணக்கிட்டனர். சிமட் உணரியை வடிவமைப்போர் இன்றும் இந்த எல்லையை மனத்தில் கொண்டே மின்னழுத்தத்தை முடிவு செய்கின்றனர்.

1982இல் கர்ட் பீட்டர்சன் எழுதிய நீண்ட கட்டுரை, சிலிக்கனை மின்னணுப் பொருளாக மட்டுமன்றி எந்திரப் பொருளாகவும் காணலாம் என்று விளக்கியது. ஒளி அச்சு முறையால் சில்லுகளைச் செய்யும் அதே ஆலையில், சவ்வுகள், தண்டுகள், துளைகள் ஆகியவற்றையும் செய்யலாம். ஒரே தகட்டில் ஆயிரம் உறுப்புகள் செய்வதற்கும் பத்து உறுப்புகள் செய்வதற்கும் உழைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. 1980களின் இறுதியில் சிலிக்கன் ஒலிவாங்கிகளும், ஜப்பானில் சிலிக்கன் அடித்தகடு கொண்ட மீயொலி உணரியும் செய்து காட்டப்பட்டன.

ஸ்டான்ஃபோர்டு, 1994

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், எட்வர்டு கின்ஸ்டன் ஆய்வகத்தில் பணியாற்றியவர் பேராசிரியர் புட்ரஸ் கூரி-யாக்கூப். பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்பை முடித்து அமெரிக்கா சென்றவர். அவரும் மாணவர் மேத்யூ ஹாலரும் 1994ஆம் ஆண்டு மீயொலி மாநாட்டில் ஒரு கருவியை விவரித்தனர். சிலிக்கன் நைட்ரைடாலான நுண்சவ்வுகளை ஒரே தகட்டில் ஏராளமாக உருவாக்கி, காற்றில் சுமார் 1.8 மெகாஹெர்ட்சில் மீயொலியை அனுப்பவும் பெறவும் செய்தனர்.

மாதத்தோலை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும். ஒரு மைக்ரோமீட்டர் அளவு தடிமனும், சில பத்து மைக்ரோமீட்டர் அகலமும் கொண்ட சவ்வு, ஓரங்களில் பிடித்துவைக்கப்பட்டுள்ளது. அதன் கீழே 0.1 முதல் 0.5 மைக்ரோமீட்டர் வரை வெற்றிடம். அதற்கும் கீழே மின்கடத்தும் சிலிக்கன். சவ்வின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. இரண்டுக்கும் இடையே பல பத்து வோல்ட் நிலை மின்னழுத்தம் எப்போதும் இருக்கும்.

இந்த நிலை மின்னழுத்தத்துக்கு இரண்டு பயன்கள் உண்டு. மின்விசை ஈர்க்க மட்டுமே செய்யும், தள்ளாது. ஆகவே மாறும் மின்னழுத்தத்தை மட்டும் கொடுத்தால், ஒரு சுழற்சிக்குச் சவ்வு இருமுறை ஈர்க்கப்பட்டு, கொடுத்த அதிர்வெண்ணைப் போல இருமடங்கில் அதிரும். நிலை மின்னழுத்தத்தால் முன்பே சற்றுக் கீழே இழுக்கப்பட்ட சவ்வு, குறிப்பு கூடும்போது இறங்கும், குறையும்போது ஏறும். இது முதல் பயன். எதிரொலி வந்து சவ்வை அசைக்கும்போது மின்தேக்குத் திறன் மாறி, மின்னூட்டம் உள்ளும் புறமும் பாய்கிறது. நிலை மின்னழுத்தம் இல்லையேல் பாய்வதற்கு மின்னூட்டமே இல்லை. இது இரண்டாம் பயன்.

சவ்வு மிக இலேசானது என்பதால், நீரோ உடலோ தொடும்போது அது அந்த ஊடகத்தோடு சேர்ந்தே அசைகிறது. பொருத்தும் அடுக்கு தேவைப்படுவதில்லை; அகன்ற அதிர்வெண் பரப்பில் வேலை செய்கிறது. 1998இல் இகல் லடபௌம், துருக்கியின் அப்துல்லா அதாலர் உள்ளிட்டோருடன் இக்குழு வெளியிட்ட கட்டுரை, காற்றிலும் நீரிலும் செயல்படும் இவ்வகை உணரிகளின் கோட்பாட்டையும் செய்முறையையும் தொகுத்துத் தந்தது.

வெற்றிடத்தைக் கட்டும் முறை

இடைவெளியை உருவாக்கும் முறை சுவையானது. முதலில் சிலிக்கன் டையாக்சைடு போன்ற ஓர் அடுக்கைப் படியவைத்து, அதன் மேல் சவ்வை வளர்ப்பர். பின்பு சவ்வில் சிறு துளைகள் இட்டு, அமிலத்தை உள்ளே செலுத்தி அந்த அடுக்கை மட்டும் கரைத்தெடுப்பர். சாரத்தின் மேல் கூரை ஓட்டி, பிறகு சாரத்தைப் பிரிப்பது போன்றது இது. இறுதியில் வெற்றிடத்தில் துளைகளை அடைப்பர்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கழுவிய நீர் உலரும்போது அதன் பரப்பு இழுவிசை சவ்வைக் கீழே இழுத்து அடித்தகட்டோடு ஒட்டவைத்துவிடும். பிறகு அதைப் பிரிக்க முடியாது. மேலும், துளைகளுக்கும் கால்வாய்களுக்கும் விடும் இடம் வீணாகிறது. 2003இல் ஸ்டான்ஃபோர்டு குழு வேறு முறையை வெளியிட்டது. ஒரு சிலிக்கன் தகட்டில் பள்ளங்களை வெட்டி, இன்னொரு தகட்டை வெற்றிடத்தில் அதன் மேல் பிணைத்து, மேல் தகட்டை மெல்லிய படலம் மட்டும் எஞ்சும்படி நீக்கிவிடுவது அம்முறை. சவ்வின் தடிமனும் இடைவெளியும் இதில் சீராக அமைந்தன.

மருத்துவமனைக்குள்

2002இல் உமர் ஒரல்கான் உள்ளிட்ட ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சிமட் வரிசையைக் கொண்டு படமெடுத்து வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, இவை ஒலிப்படத்தின் அடுத்த தலைமுறை வரிசைகளா என்ற கேள்விக்குறியோடு முடிந்தது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆய்வகத்தில் ஒருமுறை வேலை செய்வதும், மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வதும் வேறு. 2009இல் ஜப்பானின் ஹிட்டாச்சி குழுமம் சிமட் அடிப்படையிலான ஸ்கேன் முனையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் லெவென்ட் டெகெர்டெகின் குழு, இரத்த நாளத்துக்குள் செலுத்தத்தக்க 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளைய வடிவ உணரியை விவரித்தது. அதில் அனுப்புவதற்கு 56, பெறுவதற்கு 48 உறுப்புகள். உணரியும் மின்னணுச் சுற்றும் ஒரே சில்லில் இருப்பதால், நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகளுக்கு 13 கம்பிகளே போதுமானதாயின. இதய நாளத்தின் அடைப்பை அதன் முன்னிருந்தே காண்பது இதன் நோக்கம்.

2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டர்ஃபிளை நெட்வொர்க் நிறுவனத்தின் கையடக்க ஸ்கேன் கருவிக்கு அனுமதி அளித்தது. இந்நிறுவனத்தை நிறுவியவர் ஜோனதன் ராத்பெர்க். ஏறத்தாழ 9,000 நுண்ணுறுப்புகள் ஒரே சில்லில் அமைந்த இக்கருவி, திறன்பேசியோடு இணைந்து படம் காட்டுகிறது. வழக்கமான கருவியில் வயிற்றுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, மேலோட்டமான உறுப்புகளுக்கு ஒன்று என முனைகளை மாற்ற வேண்டும். சிமட்டின் அகன்ற அதிர்வெண் பரப்பு இம்மூன்றையும் ஒரே முனையில் அடக்கியது. அறிவிக்கப்பட்ட விலை 2,000 டாலருக்கும் குறைவு. அந்நிறுவனத்தின் தலைமை மருத்துவ அதிகாரி, கருவியைச் சோதிக்கும்போது தம் கழுத்தில் இருந்த கட்டியை அதனால் பார்த்து, அது புற்றுநோய் எனப் பின்னர் உறுதியானதைத் தாமே வெளியிட்டார்.

எடையை உணரும் சவ்வு

மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவைப் பசையைத் தடவுவார். தோலின் எடை கூடுவதால் அதன் சுருதி இறங்கும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணையால் அதன் மேற்சுரங்கள் இசையொழுங்கு பெறுவதை 1920இல் விளக்கினார். 1935 முதல் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, திரவத்தில் பரவும் மீயொலி அலைகள் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றன என்ற கோட்பாட்டையும் வகுத்தார்.

எடை கூடினால் அதிர்வெண் குறையும் என்ற அதே விதி சிமட் உணரியில் வேறொரு பயனைத் தருகிறது. சவ்வின் மேல் குறிப்பிட்ட வேதிப்பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் பூச்சைத் தடவினால், அப்பொருளின் மூலக்கூறுகள் ஒட்ட ஒட்ட அதன் ஒத்ததிர்வு எண் குறையும். 1959இல் குந்தர் சாவர்பிரை குவார்ட்ஸ் படிகத்துக்குக் காட்டிய முறை இது. சிமட் சவ்வின் எடை மிகமிகக் குறைவு என்பதால், ஒட்டும் சிறு துளியும் அதற்குப் பெருஞ்சுமை. நச்சு வாயுக்களைப் போன்ற சேர்மங்களை மிகக் குறைந்த செறிவில் உணர இவ்வகையில் ஆய்வுகள் நடந்துள்ளன.

குறைகளும் போட்டியும்

சிமட் குறைகளற்றது அன்று. பல பத்து வோல்ட் நிலை மின்னழுத்தம் வேண்டும். காப்புப் படலத்தில் மின்னூட்டம் சிக்கிக்கொண்டால், நாளடைவில் உணர்திறன் மாறிவிடும். அனுப்பும் ஒலியின் வலிமையில் நல்ல பீசெட்டியை எட்டுவது கடினம். படிகக் கருவிகளும் ஓய்ந்துவிடவில்லை. அவற்றிலும் சட்டைப்பைக்குள் அடங்கும் ஸ்கேன் கருவிகள் வந்துவிட்டன.

அழுத்தமின் நுண்பொறி வகை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சிலிக்கன் சவ்வின் மேல் அலுமினியம் நைட்ரைடு போன்ற படலம் பூசப்படுவதால் நிலை மின்னழுத்தம் தேவையில்லை. காற்றில் தொலைவை அளக்கும் சிறு உணரிகளுக்கு இது ஏற்றது. 2013இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சிர்ப் மைக்ரோசிஸ்டம்ஸ் இத்துறையில் ஈடுபட்டது. 2018இல் ஜப்பானின் டீடிகே குழுமம் அதை வாங்கியது.

சிறிய கருவியும் சட்டமும்

இந்தியாவில் இத்தகைய கருவிகளுக்குத் தனியான ஒரு நிபந்தனை உண்டு. கருவிலிருப்பது பெண் என அறிந்து கலைக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஸ்கேன் கருவிகள் பதிவு செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே இருக்கலாம். எடுத்துச் செல்லத்தக்க கருவிகளின் பயன்பாட்டுக்கு 2012இல் விதிகள் மேலும் கட்டுப்பாடு விதித்தன.

கருவி பெரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்தவரை, அது எங்கே இருக்கிறது என்று கண்காணிப்பது எளிது. திறன்பேசியோடு இணையும் அளவுக்குச் சிறுத்துவிட்ட பின், அது மலைக் கிராமத்தில் மூச்சுத்திணறும் நோயாளியின் நுரையீரலையும் காட்டலாம்; மறைவில் தவறான வேலைக்கும் பயன்படலாம். இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுப்பது பொறியியலின் வேலையன்று, சமூகத்தின் வேலை.

தொகுப்பு

1916இல் மைக்காத் தகட்டால் செய்த ஒலிபரப்பியும், 2017இல் அனுமதி பெற்ற கையடக்கக் கருவியும் ஒரே விதியின்படி இயங்குபவை. முதலாவது கைவிடப்பட்டதற்குக் காரணம் எண்ணம் தவறானது என்பதன்று. அதைச் செய்யும் கருவிகள் அன்று இல்லை என்பதே. அக்கருவிகள் கணினிச் சில்லுகளுக்காக வேறொரு துறையில் உருவாயின. இன்று மருத்துவப் படம், நாளத்துக்குள் ஆய்வு, ஒளி-ஒலிப் படம், வேதிப்பொருள் உணர்தல் ஆகிய துறைகளில் நுண்பொறி மீயொலி உணரிகள் பயன்பாட்டிலும் ஆய்விலும் உள்ளன.